சார்பு அறுந்த பின்னும் நிற்கும் நிரூபணம்

லினக்ஸ் கெர்னலில் பூட்டு இல்லாமல் எழுதப்படும் நிரல்களைப் பற்றிய ஆய்வேடுகளில் ஒரு வாக்கியம் இப்போது முத்திரைபோலப் பதிக்கப்படுகிறது: ‘இவ்வழிமுறை லினக்ஸ் கெர்னல் நினைவக மாதிரியின்கீழ்ச் சரிபார்க்கப்பட்டது.’ ஹெர்ட்7 என்னும் கருவிக்குள் பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு லிட்மஸ் சோதனை செலுத்தப்படுகிறது. அஞ்சிய விளைவு ஒருபோதும் நேராது என்று கருவி விடை தருகிறது. நெறியாளருக்கும் நிறைவு, தேர்வாளருக்கும் நிறைவு. ஆனால் அந்த நிரூபணச் சங்கிலியில் ஒரேயொரு கண்ணி தரவுச் சார்பாகவோ முகவரிச் சார்பாகவோ இருந்தாலும் அவ்வாக்கியம் பாதி உண்மையே. சரிபார்க்கப்பட்டது மாணவர் எழுதிய மூல நிரல். செயலியில் ஓடுவதோ கம்பைலர் எழுதிய நிரல். இரண்டுக்கும் இடையில் அந்தக் கண்ணி இன்னும் இருக்கிறதா என்று பார்த்தவர் எவரும் இல்லை.

மாதிரியை வகுத்தவர்கள்மேல் இதற்குக் குற்றம் சுமத்த இயலாது. ஜேட் அல்க்லேவ், லுக் மராங்ஷே, பால் மெக்கென்னி, ஆந்த்ரேயா பாரி, ஆலன் ஸ்டெர்ன் ஆகிய ஐவரும் 2018-இல் அஸ்ப்லாஸ் மாநாட்டில் அதனை முன்வைத்தனர். அவ்வாண்டே வெளியான 4.17 பதிப்பு முதல் அது கெர்னலின் மூலத்தோடு சேர்ந்தே வருகிறது. அதனுடன் வரும் ஆவணத்தில் குறைகளைச் சொல்லும் பகுதியின் முதல் உருப்படியே, கம்பைலரின் உகப்பாக்கங்கள் இம்மாதிரியில் துல்லியமாக இடம்பெறவில்லை என்பதுதான். சார்பைச் சுமக்கும் மாறியின் மதிப்பைக் கம்பைலர் தானே கண்டுபிடித்துவிட்டால், அவ்விடத்தில் ஒரு மாறிலியை வைத்துச் சார்பை அறுத்துவிடக்கூடும் என்றும் அங்கேயே எழுதப்பட்டுள்ளது. மருந்துப் புட்டியின் சீட்டில் எச்சரிக்கை தெளிவாக அச்சாகியிருக்கிறது. சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு மருந்தைப் போற்றுவது கல்விப்புலம் செய்யும் வேலை.

சார்பு என்பது எளிய பொருள். ஒரு செயலி புதிய தரவமைப்பு ஒன்றை நினைவகத்தில் நிரப்பிவிட்டு, அதன் முகவரியைப் பொதுவான சுட்டி ஒன்றில் எழுதி வெளியிடுகிறது. மற்றொரு செயலி அந்தச் சுட்டியைப் படித்து, அது காட்டும் இடத்துக்குச் சென்று உள்ளடக்கத்தைப் படிக்கிறது. எழுதும் பக்கத்தில், நிரப்பிய பிறகே வெளியிட வேண்டும் என்பதற்கு ஒரு தடுப்பு உண்டு. படிக்கும் பக்கத்தில் தடுப்பு ஒன்றும் இல்லை. தேவையில்லை என்பதே கருத்து: முகவரி கைக்கு வராமல் அந்த வீட்டின் கதவைத் தட்ட இயலாது. முதற்படிப்பு முடிந்து மதிப்பு கிடைத்த பின்னரே இரண்டாம் படிப்பு எங்கே என்பது தெரியும். வரிசையைத் தருவது கட்டளை ஏதும் அன்று, மதிப்பு பாயும் வழிதான். படித்த மதிப்பே அடுத்த படிப்பின் இடத்தைத் தீர்மானித்தால் முகவரிச் சார்பு. அதுவே அடுத்து எழுதப்படும் மதிப்பைத் தீர்மானித்தால் தரவுச் சார்பு. அடுத்ததாக எழுதலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானித்தால் கட்டுப்பாட்டுச் சார்பு. மூன்றாவது, பின்வரும் எழுதுதலை மட்டுமே வரிசைப்படுத்தும். பின்வரும் படித்தலை வரிசைப்படுத்தாது, ஏனெனில் செயலி கிளையை ஊகித்து முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளலாம். இந்த வேறுபாடு கீழே மிகவும் தேவைப்படும்.

படிப்பவருக்குச் செலவே இல்லாத இந்த வரிசையின்மேல் கெர்னலின் பெரும்பகுதி கட்டப்பட்டுள்ளது. ஆர்சியு என்று அழைக்கப்படும் முறை 2002-இல் 2.5 வரிசைக் கெர்னலுக்குள் நுழைந்தது. அதனைக் கோப்பின் பெயர் தேடும் டிகேஷுக்குள் கொண்டுசென்று, பொதுப்பூட்டை எடுக்காமலே பெயர் தேட வழிசெய்த பணியில் ஐபிஎம்மின் இந்திய அலுவலகத்தில் இருந்த தீபங்கர் சர்மாவுக்கும் மனீஷ் சோனிக்கும் முதன்மையான பங்கு உண்டு. இந்நாட்டுக் கணினியியல் துறைகளில் ஆர்சியு பாடமாக வரும் இடங்களிலேயே இவ்விரு பெயர்களும் வருவதில்லை என்பது வேறு குறை. இங்கு அதற்கு இடமில்லை.

சார்பை மதிக்காத செயலி ஒன்று இருந்தது உண்மைதான். டெக் நிறுவனத்தின் ஆல்ஃபாவில் கேஷ் இரு பிரிவுகளாக இயங்கக்கூடும். புதிய சுட்டி இருக்கும் பிரிவு ஓய்வாக இருந்து உடனே புதுப்பிக்கப்படலாம். உள்ளடக்கம் இருக்கும் பிரிவு வேலைமிகுதியால், ‘உன்னிடம் இருப்பது பழையது’ என்ற செய்தியை இன்னும் கவனிக்காமல் இருக்கலாம். அப்போது படிப்பவர் புதிய முகவரிக்குச் சென்று பழைய உள்ளடக்கத்தைக் காண்பார். இந்த ஒரு செயலிக்காகவே கெர்னலில் சார்புக்கெனத் தனித் தடுப்பு ஒன்று நெடுங்காலம் இருந்தது. மற்றச் செயலிகளில் அது வெற்றுக் கூற்று. 4.15 பதிப்பில் அது ரீட்-ஒன்ஸ் என்னும் குறியிட்ட படித்தலுக்குள்ளேயே அடக்கப்பட்டது, 5.9 பதிப்பில் தனித் தடுப்பு பொது நிரலிலிருந்து முற்றிலும் நீங்கி, ஆல்ஃபாவுக்குரிய பகுதியில் ஒடுங்கியது. பாடநூல் மரபு கதையை இத்துடன் முடித்துக்கொள்கிறது: சார்பை மதிக்காதது ஆல்ஃபா ஒன்றே, ஆல்ஃபாவும் போய்விட்டது, இனிக் கவலை இல்லை. இந்த முடிப்புத்தான் தவறு. சார்பை மதிக்காத உறுப்பு செயலிக்குள் இருந்தபோது அதன் நடத்தையை வரையறுக்கும் கையேடாவது இருந்தது. இப்போது அது கம்பைலருக்குள் இருக்கிறது. அதற்கு எந்தக் கையேடும் இல்லை.

ரீட்-ஒன்ஸ் என்பது சி மொழியின் வாலடைல் வழியாகச் செய்யும் படித்தல். அது கம்பைலரிடம் பெறும் வாக்குறுதி மிகச் சிறியது: இந்தப் படிப்பை விட்டுவிடாதே, இரண்டாகப் பிளக்காதே, இரண்டு முறை செய்யாதே. படித்து வந்த மதிப்பை அதன்பிறகு என்ன செய்யலாம் என்பதைப்பற்றி அது வாய் திறப்பதில்லை. பதிவகத்தில் வந்து விழுந்த மதிப்பு சாதாரண மதிப்பு. அதனை எதனோடும் ஒப்பிட்டு, எதனாலும் மாற்றிவைக்கச் சி மொழியின் தரம் கம்பைலருக்கு முழு உரிமை தருகிறது. மாதிரியின் பார்வையில் அந்தப் படித்தலிலிருந்து சார்பு புறப்படுகிறது. கம்பைலரின் பார்வையில் அங்கே புறப்படுவது வெறும் எண்.

மிக எளிய எடுத்துக்காட்டு: படித்த மதிப்பிலிருந்து அதே மதிப்பைக் கழித்து, கிடைத்ததை ஓர் அணியின் சுட்டெண்ணாக்கிப் படித்தல். மூல நிரலில் எழுத்தளவில் சார்பு இருக்கிறது. ஹெர்ட்7 அதனை மதித்து வரிசை கற்பிக்கும். கழித்தலின் விடை என்றும் 0 என்பது கம்பைலருக்குத் தெரியும். அது நேராக 0-ஆம் உறுப்பைப் படிக்கும், சார்பு போயிற்று. இப்படி யாரும் எழுதுவதில்லை என்று வாதிடுவோர் உண்டு. சரி, அணியின் அளவு கட்டமைப்பு மாறிலியால் முடிவாகிறது என்றும், சிறு கருவிக்கான கட்டமைப்பில் அது 1 என்றும் கொள்வோம். சுட்டெண் 0-ஆக மட்டுமே இருக்க முடியும் என்பதைக் கம்பைலர் உணர்கிறது, முடிவு அதேதான். நிரலாளர் எழுதியதில் ஒரு புள்ளியும் மாறவில்லை. வேறொரு கோப்பில், வேறொருவர் ஓர் எண்ணை மாற்றினார், அவ்வளவே.

இன்னும் இயல்பான வழி, சுட்டிகளை ஒப்பிடுதல். ஒரு சுட்டியைப் படித்து, அது நிலையான முன்னிருப்பு அமைப்பின் முகவரிக்குச் சமமா என்று சோதித்து, சமமாயின் அதன்வழியே உள்ளடக்கத்தைப் படிக்கும் நிரல் கெர்னல் போன்ற இடத்தில் எவர் கைக்கும் வரக்கூடியது. சமம் என்று தெரிந்த கிளைக்குள், சுட்டியின்வழிச் செல்வதும் நிலையான முகவரிக்கு நேரே செல்வதும் கம்பைலருக்கு ஒன்றே, இரண்டாவது மலிவு. அதைத் தேர்ந்தெடுத்த கணத்தில் முகவரிச் சார்பு கட்டுப்பாட்டுச் சார்பாகத் தாழ்ந்துவிடுகிறது. கட்டுப்பாட்டுச் சார்பு படித்தலுக்குப் பின் படித்தலை வரிசைப்படுத்தாது என்று மேலே கண்டோம். ஆர்ம் செயலி உள்ளடக்கத்தை முன்னரே படித்து வைத்திருக்கலாம். சுட்டி புதியது, உள்ளடக்கம் பழையது. ஆல்ஃபாவில் நேர்ந்த அதே விபத்து, ஆல்ஃபா இல்லாமலேயே நேர்கிறது. கெர்னலின் ஆர்சியு ஆவணம் இதனை ஓர் எச்சரிக்கையாக விரித்துச் சொல்கிறது. எச்சரிக்கைதான் அது. மீறினால் எந்தக் கருவியும் தடுக்காது, கம்பைலர் ஒரு முணுமுணுப்பும் இன்றி நிரலை உருவாக்கித் தரும்.

கட்டுப்பாட்டுச் சார்பின் கதி இதைவிடப் பரிதாபம். படித்த மதிப்பைச் சோதிக்கும் நிபந்தனையின் இரு கிளைகளிலும் ஒரே மாறியில் ஒரே மதிப்பு எழுதப்பட்டால், கம்பைலர் அந்த எழுதுதலை நிபந்தனைக்கு மேலே தூக்கிவிடலாம். பிறகு செயலி அதனைப் படித்தலுக்கு முன்னரே நிகழ்த்தலாம். கெர்னலின் நினைவகத் தடுப்பு ஆவணம் இதற்குப் பல பத்திகளை ஒதுக்கியிருக்கிறது. நிரலாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். இருபது ஆண்டுப் பட்டறிவு கொண்டவர்கள் கூடித் தந்த அறிவுரை இது என்றால், இடைவெளி எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு 2021 பிப்ரவரியில் வெளியான 5.11 பதிப்பை நினைவூட்டலாம். முழு நிரலையும் ஒருசேரப் பார்த்து உகப்பாக்கும் இணைப்புநேர உகப்பாக்கத்தை இயக்கினால், கம்பைலருக்குக் கோப்புகளின் எல்லை மறைந்துவிடும். எந்தச் சுட்டி எந்த மதிப்புகளைப் பெறக்கூடும் என்பது முன்னைவிட நன்றாகத் தெரியும். முகவரிச் சார்பைக் கட்டுப்பாட்டுச் சார்பாக மாற்றும் வாய்ப்பும் பெருகும். இந்த அச்சத்தால்தான் 64-பிட் ஆர்மில் அந்த உகப்பாக்கம் இயங்கும்போது ஒவ்வொரு ரீட்-ஒன்ஸும் அக்வயர் வகைப் படித்தலாக வலுப்படுத்தப்பட்டது. வில் டீக்கன் செய்த மாற்றம் அது. அக்வயர் என்பது தனக்குப் பின்வரும் எல்லா நினைவக அணுகல்களையும் தனக்குப் பின்னரே நிறுத்தும் படித்தல். அதற்குச் சார்பு தேவையில்லை. அதாவது, கெர்னலைப் பேணுவோரே சார்பை நம்ப முடியாது என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் ஒன்று நிரலுக்குள் இருக்கிறது. இணைப்புநேர உகப்பாக்கத்தோடு உருவாக்கிய கெர்னலைச் சுமந்து 2018-இலேயே பிக்சல் 3 சந்தைக்கு வந்துவிட்டது. இது ஆய்வுக்கூடத்தில் மட்டும் நிகழும் அரிய நோய் அன்று.

மாணவர் தம் மடிக்கணினியில் இச்சோதனையை இலட்சம் முறை ஓட்டினாலும் தவறு வெளிப்படாது, காரணம் இருக்கிறது. எக்ஸ்86 செயலிகள் படித்தலுக்குப் பின் படித்தலைத் தாமே வரிசையில் காட்டுகின்றன. சார்பு அறுந்தாலும் அங்கே வலிக்காது. அதே மாணவரின் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி ஆர்ம். ‘ஓட்டிப் பார்த்தேன், பிழை இல்லை’ என்ற சான்று, எந்தச் செயலியில் என்ற வினாவுக்கு விடை இல்லாதவரை சான்றே ஆகாது. இயங்குதளப் பாடத்தில் இரண்டு இழைகளின் கூற்றுகளை இடைக்கலந்து இறுதியில் எத்தனை மதிப்புகள் வரலாம் என்று கணக்கிடும் பயிற்சியை மட்டுமே செய்து தேர்ந்து வந்தவரிடம் இந்த வினா எழாது. அப்பயிற்சி கருதிக்கொள்ளும் செயலி எந்தக் கடையிலும் விற்பதில்லை.

சி++ மொழியின் தரக்குழு இதற்குப் பரிகாரம் தேடாமல் இல்லை. 2011-ஆம் ஆண்டுத் தரத்தில் கன்ஸ்யூம் என்னும் வரிசைமுறை இதற்காகவே சேர்க்கப்பட்டது. சார்பை அது எழுத்தளவில் வரையறுத்தது: மதிப்பு எந்தக் கோவைக்குள் நுழைந்தாலும், அக்கோவையின் விடை அதனைச் சார்ந்ததே, தன்னிலிருந்து தன்னைக் கழித்தாலும் சார்பு உண்டு. இதனை உண்மையாகவே நிறைவேற்ற வேண்டுமானால் கம்பைலர் தன் உகப்பாக்கங்களில் பெரும்பகுதியைச் சந்தேகத்தோடு நடத்த வேண்டும். ஒவ்வொரு மதிப்பின் குலவரலாற்றையும் செயற்கூறுகளைத் தாண்டிச் சுமந்து செல்ல வேண்டும். ஜிசிசியும் கிளாங்கும் நேர்வழியை விட்டுக் கன்ஸ்யூமை அக்வயராக உயர்த்தி ஒதுங்கிக்கொண்டன. 2017-ஆம் ஆண்டுத் தரம், இதனைத் தற்போதைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று தானே அறிவுறுத்தியது. சட்டத்தை இயற்றியவர்களே அச்சட்டம் நடைமுறைக்கு உரியதன்று என்று அடிக்குறிப்பு எழுதிய காட்சி.

இத்தோல்வியின் வேர் ஓரிடத்தில்தான் இருக்கிறது. எழுத்தளவிலான சார்பு என்ற கருத்து இயந்திர மொழிக்கு உரியது. அங்கே அது முற்றிலும் பொருந்தும்: கட்டளை எப்படி எழுதப்பட்டுள்ளதோ அப்படியே செயலியை அடைகிறது, இடையில் அதனை மாற்றி எழுத எவரும் இல்லை. ஒரு பதிவகத்தைத் தன்னோடு தானே எக்ஸார் செய்து 0 ஆக்கினாலும், அதன்மேல் நிற்கும் படித்தலை ஆர்ம் செயலியும் பவர் செயலியும் வரிசையில் வைக்கின்றன. அதே கருத்தை மூலமொழிக்கு இறக்குமதி செய்தபோது, மாற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் நடுவில் அமர்ந்திருப்பதை மறந்துவிட்டார்கள். மூலமொழியில் தேவைப்படுவது பொருளளவிலான சார்பு: இந்த மதிப்பு மாறினால் அந்த விளைவு உண்மையில் மாறுமா? இதனை வரையறுக்க ஒற்றை ஓட்டத்தைப் பார்த்தால் போதாது; நிகழாத ஓட்டங்களையும் பார்க்க வேண்டும். கடினம் அங்கேதான்.

அந்தரத்தில் தோன்றும் மதிப்பு என்ற பழைய புதிரும் இதே ஓட்டையின் மறுபக்கமே. ஓர் இழை க-வைப் படித்து அம்மதிப்பை ச-வில் எழுதுகிறது. மற்றோர் இழை ச-வைப் படித்துக் க-வில் எழுதுகிறது. இரண்டும் தொடக்கத்தில் 0. இரண்டிலும் இறுதியில் 42 இருக்கலாமா? எந்தச் செயலியிலும் இது நேராது, தரவுச் சார்பு தடுக்கிறது. ஆனால் சி++ தரத்தின் தளர்ந்த அணுகல்களுக்கான விதிகளை எழுத்துப்படி வைத்தால், இதனைத் தடுக்கும் விதி கிடைப்பதில்லை. 2014-ஆம் ஆண்டுத் தரம் இத்தகையது நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொற்களில் வேண்டிக்கொள்வதோடு நிற்கிறது. ஹான்ஸ் போமும் பிரையன் டெம்ஸ்கியும் 2014-இல் இவ்வகைப் பேய்களைச் சட்டத்துக்குப் புறம்பாக்க வேண்டும் என்று வாதிட்டனர். 2017-இல் வாக்குறுதிப் பொருண்மை என்னும் அழகான கோட்பாடு வந்தது. ஜாவாவின் 2005-ஆம் ஆண்டு முயற்சி முதல் எண்ணினால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நல்ல மூளைகள் இதில் உழைத்துள்ளன. அவ்வுழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும் விளைவைப் பாருங்கள்: கெர்னல் நிரலாளர் இன்றும் சார்பைக் காப்பது வாய்வழி மரபாலும் ஓர் ஆவணத்தாலுமே.

தரவுப் போட்டி இல்லாத நிரலுக்கு வரிசை குலையாத ஓட்டத்தை உறுதிசெய்யும் ஒப்பந்தம் ஒன்று 1990-லிருந்தே இருக்கிறது; மும்பை ஐஐடியில் பயின்ற சரிதா ஆட்வே மார்க் ஹில்லுடன் சேர்ந்து வகுத்தது. பெரும்பான்மை நிரலாளருக்கு அது போதும். கெர்னலின் சூடான பாதைகள் வேண்டுமென்றே அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே வாழ்கின்றன. வெளியே வாழ்பவர்களுக்கும் ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்பதே கேள்வி.

இங்கே ஒரு மறுப்பு உறுதியாக வரும்: எதற்கு இத்தனை வம்பு, எல்லாவற்றையும் அக்வயராக்கிவிடலாமே, இன்றைய ஆர்மில் அதற்கெனத் தனிக் கட்டளைகள் இருக்கின்றனவே? ஆர்மை மட்டும் வைத்துப் பேசினால் இது நியாயமான மறுப்பு. அளந்து பார்க்காமல் சார்பைப் பயன்படுத்திய இடங்களில் அக்வயர் இடுவது நேர்மையும்கூட. ஆனால் இந்தியாவில் இருந்துகொண்டு இந்த மறுப்பைச் சொல்பவர்கள் தங்கள் நாடு எந்தக் கட்டமைப்பைத் தேர்ந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும் சீ-டாக்கின் வேகா செயலிகளும் ரிஸ்க்-வி. மைய அரசு 2022-இல் ரிஸ்க்-விக்கெனவே ஒரு திட்டத்தை அறிவித்தது. அக்கட்டமைப்பின் அணுச்செயல் நீட்சியில் அக்வயர் குறி, சிறப்பு அணுக்கட்டளைகளுக்கு மட்டுமே உண்டு. சாதாரணப் படித்தலுக்கு இல்லை. அக்வயர் படித்தல் வேண்டுமானால் கம்பைலர் படித்தலுக்குப் பின் ஒரு வேலிக் கட்டளையை இடும். இதனைப் போக்கப் புதிய நீட்சி உருவாகியிருக்கிறது. ஏற்கெனவே வார்க்கப்பட்ட சில்லுகளுக்கு அதனால் பயன் இல்லை. டிகேஷில் ஒரு பாதைப்பெயரைத் தேடும்போது ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு வேலி என்றால், ஆர்சியு எதற்காகப் பிறந்ததோ அதுவே கைநழுவுகிறது.

இதில் ஒரு முரண்நகை இருக்கிறது. ரிஸ்க்-வியின் நினைவக மாதிரி முகவரிச் சார்பையும், தரவுச் சார்பையும், எழுதுதலை நோக்கிய கட்டுப்பாட்டுச் சார்பையும் வெளிப்படையாகக் காக்கிறது. எழுத்தளவிலான சார்பு எது என்பதைப் பக்கம் ஒதுக்கி வரையறுக்கிறது. சில்லை வடிவமைக்கும் மாணவர் இவ்விதிகளுக்கு உட்பட்டு நடக்கிறார். மதிப்பை முன்கூட்டி ஊகிக்கும் உத்திகளில் சிலவற்றைக் கைவிடுகிறார், அல்லது ஊகம் சரியா என்று திரும்பச் சோதிக்கும் சுற்றைச் சேர்த்துப் பரப்பையும் மின்சக்தியையும் செலவிடுகிறார். நூற்றுக்கணக்கான லிட்மஸ் சோதனைகளை ஓட்டுகிறார். அதே வளாகத்தின் அடுத்த கட்டடத்தில், கெர்னல் நிரலை எழுதும் மாணவர் அதே சார்பை மூல நிரலில் நம்பி ஹெர்ட்7-இல் நிரூபிக்கிறார். இருவரும் தத்தம் பங்கைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். இருவருக்கும் இடையில் உள்ள கம்பைலர், முதலாமவர் விலைகொடுத்து வாங்கியதை இரண்டாமவர் கைக்கு வந்து சேருமுன் விற்றுவிடலாம். அதைக் கேட்க எந்தத் துறைக்கும் பொறுப்பில்லை: கட்டமைப்புக்காரர்களுக்கு அது மென்பொருள், நிரல்மொழிக்காரர்களுக்கு அது கெர்னலாரின் தகாத பழக்கம், கெர்னலாருக்கு அது கம்பைலரின் அடாவடி.

அடாவடி என்ற சொல்லும் சரியன்று. எழுதித் தரப்படாத வாக்குறுதியை மீறியதாக எவரையும் குற்றம் சாட்ட முடியாது. தேவை, எழுதித் தருவது. முழுப் பொருளளவிலான சார்பை வரையறுக்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. கன்ஸ்யூமின் தோல்வி, எல்லா மதிப்புகளுக்கும் எல்லாக் கோவைகளுக்கும் சார்பைக் காப்பேன் என்ற பேராசையால் வந்தது. கெர்னலுக்கு வேண்டியது மிகக் குறைவு: குறியிட்டுப் படித்த சுட்டி, அதிலிருந்து உறுப்பின் தொலைவைக் கூட்டுதல், அதன்வழிப் படித்தல். முழு எண்கள் வேண்டாம், கழித்தல் வேண்டாம், சுட்டெண் விளையாட்டு வேண்டாம். இந்தக் குறுகிய வகைக்குள், ஒப்பீட்டால் அறிந்த முகவரியை அந்தச் சுட்டிக்குப் பதிலாக இடாதே என்ற ஒரே தடையைக் கம்பைலர் ஏற்றால் போதும். சுட்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கும் யோசனைகளைச் சி++ தரக்குழுவின் முன் மெக்கென்னியும் பிறரும் பல ஆண்டுகளுக்கு முன்னரே வைத்தார்கள். அவை நடைமுறைக்கு வராமல் போனதற்குத் தொழில்நுட்பத் தடை மட்டுமே காரணம் என்று நம்புவது கடினம். சிறிய வகைக்கு மட்டும் பொருந்தும் தீர்வு கோட்பாட்டாளர்களின் கண்ணுக்கு அழகாக இருப்பதில்லை.

அதுவரை என்ன செய்வது என்பது கம்பைலர்காரர்களின் கையில் இல்லை. நெறியாளரின் கையிலும் தேர்வாளரின் கையிலும் இருக்கிறது. ஓர் ஆய்வேடு லினக்ஸ் நினைவக மாதிரியின்கீழ் நிரூபணம் தந்தால், நிரூபணத்தின் எந்தெந்தக் கண்ணிகள் சார்பால் ஆனவை என்று கேட்க வேண்டும். அவை ஒவ்வொன்றும் உருவான இயந்திர நிரலில் உயிரோடு இருப்பதைக் காட்டச் சொல்ல வேண்டும். எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, எந்த உகப்பாக்க நிலை, இணைப்புநேர உகப்பாக்கம் உண்டா இல்லையா, எந்தக் கெர்னல் கட்டமைப்பு என்பதோடு சேர்த்துக் காட்டச் சொல்ல வேண்டும். இது பெரிய சுமையன்று. இயந்திர நிரலைப் பிரித்துக் காட்டும் ஆப்ஜ்டம்ப் எல்லா லினக்ஸிலும் கிடைக்கும்; ஆர்ம் நிரலையும் ரிஸ்க்-வி நிரலையும் நேரடியாகப் படித்துச் சரிபார்க்கும் திறன் ஹெர்ட்7-க்கே உண்டு. மூல நிரலுக்கு ஒருமுறை ஓட்டியவர், உருவான நிரலுக்கு இன்னொருமுறை ஓட்டலாம். இரண்டு விடைகளும் வேறுபட்டால், அந்த வேறுபாடே முழு இயலுக்கு உரிய கண்டுபிடிப்பு.

இதனைக் காட்ட இயலாத மாணவரின் ஆய்வேட்டை மறுக்க வேண்டியதில்லை. ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘மூல நிரலளவில், கம்பைலர் சார்பைக் காக்கும் என்ற அனுமானத்தின்மேல்’ என்று சேர்த்துத் தரும்படி திருப்பி அனுப்பலாம். ஏழு சொற்கள் கூடும். பக்க எண்ணிக்கை மாறாது.